நிற்க மறுத்த ஸ்லக்குகள்

முதல் நாள்

ஆஸ்பத்திரி லேபில் எட்டு வருடம் ரத்தமும் சிறுநீரும் பார்த்தவள் நான். எண்பதுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன் வேலை காலியாக இருக்கிறது என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். விண்ணப்பித்தேன். ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் உண்டு, இங்கே கிடையாது. அது ஒன்றுதான் காரணம். பெருங்களத்தூரிலிருந்து ரயிலில் ஒரே ஸ்டேஷன். விஞ்ஞானத்தின் மேல் எனக்கு அன்று பெரிய ஆசை எதுவும் இல்லை.

முதல் நாள் காலை, என்னைவிட இரண்டு வயது சின்னவரான விஞ்ஞானி டாக்டர் வசந்தா மேடம் ஒரு பெட்ரி டிஷ்ஷை என் கையில் கொடுத்தார். அடியில் அகார் என்ற பாசிக்கூழ் ஊற்றி, மூடியிருந்த கண்ணாடித் தட்டு. அப்போதுதான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது, சில்லென்று இருந்தது.

"என்ன தெரியுது ஸ்டெல்லா?"

"ஒண்ணும் தெரியலை மேடம். வெறும் அகார். மேல லேசா ஆவி படிஞ்ச மாதிரி இருக்கு."

"அது ஆவி இல்லை. ஒரு கோடி அமீபாவுக்கு மேல இருக்கு. தாம்பரத்து மண்ணுலயும் இருக்கும், உங்க வீட்டுத் தோட்டத்துலயும் இருக்கும். பாக்டீரியாவைத் தின்னுட்டு, அதுஅது தனியா அதும்பாட்டுக்கு வாழும். நேத்து சாயந்திரம் சாப்பாட்டை எல்லாம் கழுவி எடுத்துட்டேன். இப்ப எல்லாம் பட்டினி."

"செத்துப்போயிடுமே."

"மதியானம் வந்து பாருங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த அறைக்கு ஏ.சி. உண்டு. எனக்காகவோ மேடத்துக்காகவோ வைத்தது அல்ல. இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் போனால் அந்த அமீபாக்கள் சோர்ந்துவிடும். தாம்பரத்து வெயிலில் அவற்றை வாழவைப்பதே பாதி வேலை. காலை முழுவதும் நான் அகார் காய்ச்சினேன், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் போட்டேன், கண்ணாடிச் சாமான்களைக் கழுவினேன். பன்னிரண்டு மணி சுமாருக்குக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த டிஷ்ஷைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

அகார் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை. வெள்ளையும் கறுப்புமாக வளையத்துக்குள் வளையம். தள்ளி இன்னொரு ரேகை, அதற்கப்பால் சுருள் சுருளாக மற்றொன்று. முதல் நாளே எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"மேடம், நான் தொடலை. சத்தியமா உள்ளே கை வைக்கலை."

மேடம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது உங்க ரேகை இல்லை ஸ்டெல்லா. அதுங்க பேசிக்குது."

ஆறு நிமிடம்

என்னை முக்கியமாக எடுத்தது படம் வரைவதற்குத்தான் என்று பிறகு தெரிந்தது. இடைவெளி விட்டு விட்டுத் தானாகவே படம் எடுக்கும் காமிரா எல்லாம் எங்களிடம் இல்லை. மைக்ராஸ்கோப்பின் மேல் காமிரா லூசிடா என்று ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவோம். அதற்குள் பார்த்தால் கீழே உள்ள உயிரும் தெரியும், பக்கத்துத் தாளில் நம் பென்சில் முனையும் தெரியும். பார்த்தபடியே கோடு இழுக்கலாம். டிரேசிங் பேப்பரில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம். மேசையில் கடிகாரம் இருக்கும்.

முதல் வாரம் கை வலித்தது. இரண்டாம் வாரம் ஒன்று கவனித்தேன். ஒரு வளையம் மையத்திலிருந்து கிளம்பி வெளியே போகிறது. சுமார் ஆறு நிமிடம் கழித்து அதே இடத்திலிருந்து அடுத்தது கிளம்புகிறது. கடிகாரத்தைப் பார்க்காமலே அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடிந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வோர் அமீபாவும் உள்பக்கமாக, மையத்தை நோக்கி நகர்கிறது. வளையம் வெளியே போகிறது, ஆட்கள் உள்ளே வருகிறார்கள். எனக்குத் தலை சுற்றியது.

மேடத்திடம் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னார்.

"பசிச்ச செல் ஒண்ணு ஒரு கெமிக்கலை வெளியே விடும். சைக்ளிக் ஏ.எம்.பி.ன்னு பேரு. பக்கத்துல இருக்கறது அதை உணர்ந்ததும் ரெண்டு வேலை பண்ணும். அது வந்த பக்கமா ஒரு எட்டு நகரும். அதே கெமிக்கலைத் தானும் விடும். அடுத்தது அதை வாங்கி, அதுவும் விடும். இப்படியே தட்டு முழுக்கப் போகும். உங்களுக்கு வளையமாத் தெரியறது அந்தச் செய்தி."

"அப்படின்னா, தான் விட்டதையே தான் திரும்ப உணர்ந்து குழம்பிடாதா மேடம்?"

மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவர் என்னிடம் எதையும் மறைக்காமல் பேச ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

"அதுக்குத்தான் ஒரு தடவை சொன்னதும் சில நிமிஷம் அதுக்குக் காது கேட்காது. அதனால செய்தி பின்னாடி திரும்பாது, முன்னாடி மட்டும்தான் போகும். இன்னொண்ணு, சொன்ன செய்தியை அழிக்கிற ஒரு என்சைமையும் அதுங்களே வெளியே விடும். பழசு அழிஞ்சாத்தானே புதுசு கேட்கும்?"

மூக்கு இல்லை, காது இல்லை, நரம்பு இல்லை. ஒரே ஒரு செல். நான் ஆஸ்பத்திரியில் லட்சக்கணக்கில் செல்களை எண்ணியிருக்கிறேன். சிவப்பு இத்தனை, வெள்ளை இத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று தனக்கு வந்த செய்தியை வாங்கிப் பக்கத்தில் கொடுக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"இதே சைக்ளிக் ஏ.எம்.பி. நம்ம உடம்புலயும் இருக்கு" என்றார் மேடம். "நீங்க பயந்தீங்கன்னா உங்க செல்லுக்குள்ள அந்தப் பயத்தைச் சொல்றதும் இதுதான்."

அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் நடப்பதையும் சொல்ல வேண்டும். சில மணி நேரத்தில் அமீபாக்கள் வரிசை கட்டி, ஓடைகள்போல் வந்து, ஒரு மேடாகக் குவியும். மறுநாள் காலை அந்த மேடு சாய்ந்து, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் புழுபோல் ஊர ஆரம்பிக்கும். இதற்கு ஸ்லக் என்று பெயர். ஒரு லட்சம் தனித்தனி அமீபாக்கள் ஒரே உடம்பாகிவிட்டன. டிஷ்ஷைக் கறுப்புத் தாளால் சுற்றி, ஓரத்தில் குண்டூசியால் ஒரு துளை போட்டு வைத்தால், அத்தனை ஸ்லக்கும் துளையின் வெளிச்சத்தை நோக்கி வந்து சேரும். கண் கிடையாது. ஆனாலும் வரும்.

பிறகு நடப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கும். முன்பக்கம் இருந்த செல்கள், ஐந்தில் ஒரு பங்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கெட்டிப்பட்டு மயிரிழை போன்ற ஒரு காம்பாக மாறும். மாறிச் செத்துப்போகும். மீதி நான்கு பங்கு அந்தக் காம்பில் ஏறி உச்சியில் ஒரு துளியாக உட்கார்ந்து வித்தாகும். காற்றோ பூச்சியோ எடுத்துப் போகும், வேறெங்காவது சாப்பாடு கிடைக்கும். முதன்முறை அந்தக் காம்பு எழுந்ததைப் பார்த்தபோது பென்சில் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் இரண்டு படங்கள் விட்டுப்போயின. மேடம் திட்டவில்லை. "எனக்கும் அப்படித்தான் விட்டுப்போச்சு, முதல் தடவை" என்றார்.

புது அறை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருந்த கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றார்கள். வேளச்சேரி சாலைப் பக்கம் ஒரு கட்டிடத்தின் பின்பாதி கிடைத்தது. முன்பாதியில் தெருவைப் பார்த்து ஒரு பிரிண்ட் கடை. கட்டிடப் பிளான்களை நகல் எடுக்கிற கடை. முடிச்சூர், கீழ்க்கட்டளை என்று சுற்றிலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த நேரம். லேஅவுட் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். நாங்கள் பின்பக்க வழியாகப் போய் வருவோம். எங்கள் அறைக்குப் பக்கத்தில் கழிப்பறை. எந்த நாற்றம் வந்தாலும் அதன் தலையில் போட்டுவிடுவோம்.

அறையை மாற்றி, ஏ.சி.யை மாட்டி, முதல் டிஷ்ஷைப் போட்டேன். அமீபாக்கள் சேர்ந்தன. மேடாயின. ஸ்லக்கும் ஆயின. நடந்தன. நடந்துகொண்டே இருந்தன.

வழக்கமாக மறுநாள் சாயங்காலத்துக்குள் எழுந்து நிற்க வேண்டியவை, மூன்றாம் நாளும் நடந்தன. நான்காம் நாள் இளைத்துப்போய், பின்னால் பளபளவென்று சளிக்கோடு இழுத்தபடி நடந்தன. ஐந்தாம் நாள் நூல்போல் ஆகி அப்படியே காய்ந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

மேடத்தின் புராஜெக்ட் முழுவதும் இந்த நிற்பதைப் பற்றித்தான். எப்போது நடப்பதை விட்டு நிற்பது என்று ஸ்லக் எப்படி முடிவு செய்கிறது என்பது கேள்வி. டெல்லியிலிருந்து ரிவ்யூ கமிட்டி வர இரண்டு மாதம் இருந்தது. நிற்கவே நிற்காத ஸ்லக்குகளை வைத்துக்கொண்டு அவர்களுக்கு எதைக் காட்டுவது?

அகாரை மாற்றினோம். டிஸ்டில்டு வாட்டரை மாற்றினோம். சோப்புத்தூள் மிச்சம் இருக்குமோ என்று கண்ணாடிகளை ஏழு தடவை அலசினேன். தெருவில் பஸ் போகிற அதிர்வோ என்று டிஷ்களுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தோம். மூன்று வாரம் ஓடியது.

ஒரு புதன்கிழமை மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "நீங்க எதை மாத்தினீங்க ஸ்டெல்லா?"

"எதையும் மாத்தலை மேடம். அதே கைதான்."

"ஏதோ மாறியிருக்கு. நான் உங்களைக் குறை சொல்லலை."

"சொல்லித்தான் இருக்கீங்க மேடம். 'நீங்க எதை மாத்தினீங்க'ன்னா அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

அவர் நோட்டை மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்தப் புராஜெக்ட் நின்னுபோச்சுன்னா உங்க போஸ்ட்டும் போயிடும். டைரக்டர் நேத்து சொன்னார். எனக்கு அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அந்த எரிச்சல்" என்றார்.

ஆட்டோகிளேவ் அறைக்குப் போய் நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் மேடத்தின் மேல் இல்லை, அந்த ஸ்லக்குகளின் மேல். நில்லுங்களேன். ஒரு தடவை நின்று தொலையுங்களேன்.

நோட்டில் எழுதுவதைப் பற்றியும் அன்று ஒரு சின்னத் தகராறு. 'ரிசல்ட்' என்ற கட்டத்தில் மேடம் 'ஃபெயில்டு' என்று எழுதச் சொல்லியிருந்தார். எனக்கு ஆஸ்பத்திரிப் பழக்கம். ரத்தத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவோம், ரத்தம் தோற்றது என்று எழுதமாட்டோம். அதனால் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே எழுதி, எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்பதையும் எழுதிவந்தேன். அன்று மேடம் அதைப் பார்த்து, "இவ்வளவு எழுதணுமா?" என்றார். எழுதணும் என்றேன். விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்து நேரே லேபுக்குப் போனேன். ஏ.சி. சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். டிஷ்களைப் பழக்க தோஷத்தில் எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தவை அவை.

நின்றிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, தட்டு முழுக்க. மெல்லிய காம்புகள், உச்சியில் மஞ்சள் கலந்த வெள்ளைத் துளிகள். குண்டூசிகளை நெருக்கமாகக் குத்தி வைத்ததுபோல் ஒரு காடு.

நோட்டை எடுத்து, கிழமையும் மணியும் போட்டு, 'நிற்கிறது' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் காட்டினேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை டிஷ்கள் மறுபடியும் நடந்தன. புதனும் நடந்தன. அடுத்த ஞாயிறு போனேன், நின்றிருந்தன. பழைய பக்கங்களைப் புரட்டினேன். வாரத்தின் முதலில் எடுத்து வெள்ளிக்குள் முடிப்பதுதான் எங்கள் வழக்கம்; அபூர்வமாகச் சனிக்கிழமை எடுத்த டிஷ்களிலும் திங்கள் காலைப் பதிவில் ஓரிரண்டு இடத்தில் 'நிற்கிறது போல' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டு அப்படியே கடந்து போயிருக்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை நாம வர்றதில்லை. கதவு திறக்கறதில்லை. லைட் போடறதில்லை" என்றார் மேடம். உடனே வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அறையைப் பூட்டி வைத்தோம். சனிக்கிழமை திறந்து பார்த்தோம். நடந்துகொண்டிருந்தன.

"அப்ப நாம இல்லை" என்றார். "நாம இல்லைன்னா வேற யாரு?"

மனை எங்கே கீது?

கமிட்டிக்கு ரிப்போர்ட் தயாராக வேண்டும். என் டிரேசிங் பேப்பர் படங்களை நகல் எடுக்கச் சொன்னார் மேடம். பெரிய தாள்கள் என்பதால் ஜெராக்ஸ் போட முடியாது. அடுத்த வாசலிலேயே கடை இருக்கிறதே என்று சுருட்டிக்கொண்டு போனேன். அதற்குமுன் ஒரு தடவைகூட அந்தக் கடைக்குள் போனதில்லை.

கடைக்காரர் பெயர் மூர்த்தி. நாற்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து, அடிக்கடி இருமிக்கொண்டு இருந்தார்.

"வாக்கா. லேஅவுட்டா? மனை எங்க கீது?"

"மனை இல்லைங்க. அமீபா."

"அது எங்க கீது? மேடவாக்கம் தாண்டியா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை விரித்துக் காட்டினேன். வளையங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ரோடு அல்லாம் ரவுண்டு ரவுண்டா போட்டுக்கினு கீறாங்க" என்றபடியே மிஷினில் விட்டார். தாள் உள்ளே போய் மறுபக்கம் வந்தது. கூடவே ஒரு நெடி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்குக்குள் ஊசி போட்டதுபோல் இருந்தது.

"இன்னா நாத்தம் இது?" என்றேன். அவர் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது.

"அம்மோனியாக்கா. இது பட்டாத்தான் பேப்பர்ல கோடு வரும். ராவெல்லாம் கடை சாத்தி வெச்சாலும் நெடி போவாது. நமக்குப் பழகிப் பூட்ச்சு."

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தேன். பின்சுவரில், கூரைக்குக் கீழே, கண்ணாடி இல்லாத ஒரு வென்டிலேட்டர். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் எங்கள் அறை. எங்கள் பக்கத்தில் அந்த வென்டிலேட்டருக்கு நேர் கீழேதான் டிஷ்கள் வைக்கிற ரேக்.

"ஞாயித்துக்கிழமை மிஷின் ஓட்டுவீங்களா?"

"ஞாயித்துக்கெழமை எவன் வருவான்? புரோக்கருங்க அல்லாரும் ஜனங்கள வேன்ல ஏத்திகினு மனை காட்டப் பூடுவானுங்க. கடை லீவு. ஏன்கா?"

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நகலைக்கூட வாங்கவில்லை. அவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது.

எலுமிச்சம்பழம்

மேடம் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார். "மேடம், முன்னாடி கடையில அம்மோனியா" என்று மட்டும்தான் சொன்னேன். அவர் கை டைப்ரைட்டர் மேலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து வென்டிலேட்டரைப் பார்த்தார்.

"ஸ்லக் பட்டினியில இருக்கு. தன் உடம்புப் புரோட்டீனையே எரிச்சுத்தான் நடக்குது" என்றார் மெதுவாக. "அப்ப அதுங்கிட்டேருந்தே அம்மோனியா வரும். மண்ணுக்குள்ள இருக்கற வரைக்கும் அது வெளியே போக முடியாம சுத்தியே நிக்கும். மேல வந்து காத்துப் பட்டதும் கலைஞ்சு போயிடும். அம்மோனியா குறைஞ்சா, வெளியே வந்துட்டோம், இனிமே நிக்கலாம்னு அதுக்கு அர்த்தம். இதை நான் படிச்சிருக்கேன் ஸ்டெல்லா. புராஜெக்ட் கேட்டு எழுதினப்ப நானே எழுதியிருக்கேன். ரெண்டாம் பக்கத்துல."

"அப்ப நம்ம ஸ்லக்குங்க..."

"இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு நடக்குதுங்க. வெளியே வர்றதுக்கு வழி தேடிக்கிட்டு, சாகிற வரைக்கும்."

ஆட்டோகிளேவ் அறையில் நின்று நான் அவற்றைத் திட்டியது நினைவு வந்தது.

சோதித்துப் பார்க்காமல் மேடம் எதையும் நம்பமாட்டார். அம்மோனியாவை உறிஞ்ச ஓர் அமிலம் வேண்டும். சிட்ரிக் ஆசிட் பாட்டில் காலி. "எலுமிச்சம்பழம் கிடைக்குமா?" என்றார். எதிரில் ஜூஸ் கடையிலிருந்து இரண்டு வாங்கிவந்தேன். ஃபில்டர் பேப்பரை வட்டமாக வெட்டி, சாற்றில் நனைத்து, அகாரைத் தொடாதபடி மூடியின் உள்பக்கம் ஒட்டினோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரே வயது ஸ்லக்குகள் இருந்த பத்து டிஷ். ஐந்துக்கு எலுமிச்சை. மற்ற ஐந்துக்கு வெறும் தண்ணீர் நனைத்த பேப்பர். முன்பக்கம் மூர்த்தியின் மிஷின் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணி சுமாருக்கு எலுமிச்சை டிஷ்களில் ஸ்லக்குகள் நடப்பதை நிறுத்தின. நுனியை மேலே தூக்கி, உடம்பைச் சுருட்டிக் கீழே இழுத்து, ஒரு குட்டித் தொப்பிபோல் உட்கார்ந்தன. இரண்டு மணிக்கு நடுவிலிருந்து காம்பு கிளம்பியது. நான் வரைந்தேன். இந்தத் தடவை ஒரு படமும் விடவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஐந்து டிஷ்ஷிலும் காடு நின்றது. தண்ணீர் டிஷ்கள் ஐந்திலும் நடந்துகொண்டிருந்தன.

மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி என் கையைப் பிடித்தார். "ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கறது நமக்குத் தெரியலை. இதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தேவைப்படவும் இல்லை.

மூர்த்தி பார்த்தது

அடுத்த கேள்வி, கடையை என்ன செய்வது. கட்டிட உரிமையாளரிடம் புகார் கொடுக்கலாம் என்றார் மேடம். அப்படிச் சொல்ல அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "முதல்ல அவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் மேடம்" என்றேன் நான்.

மூர்த்தி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தார். முதலில் தன் இமைமயிரைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெர்லக்கா" என்றார். பிறகு சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா! இன்னாக்கா இது, செடியா, புழுவா?"

இரண்டும் இல்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் விளக்கினேன். பசி, வளையம், ஒன்று சேர்வது, நடப்பது, நிற்பது. எலுமிச்சை டிஷ்ஷையும் தண்ணீர் டிஷ்ஷையும் மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"காம்பு ஆனது அல்லாம் செத்துப் பூட்ச்சா?"

"ஆமா."

"நீ சாவுடான்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. முன்பக்கமா அமைஞ்சது காம்பாகுது."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். கடையில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. இருமல் வந்தபோது மட்டும் தலையைத் திருப்பி இருமிவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்மாத்தூண்டு கீது. என் மிஷின் காத்து செவுரு தாண்டி வந்தா இதுக்குத் தெர்தா?"

"தெரியுது."

"நானு பத்து வருஷமா அந்த மிஷினாண்டயே குந்திகினு கீறேனே."

நாங்கள் எங்கள் ஸ்லக்குகளைப் பற்றி மட்டும்தான் அதுவரை யோசித்திருந்தோம். அவர் கண் சிவந்திருந்ததை நான் கடையிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு வென்டிலேட்டரைத்தான் பார்த்தேன்.

மேடம்தான் அவரை டாக்டரிடம் போகச் சொன்னார். அந்த வாரமே மூர்த்தி வென்டிலேட்டரைத் தகரம் வைத்து அடைத்தார். மிஷினுக்கு மேல் ஒரு குழாய் வைத்து, தெருப்பக்கம் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டார், எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டினார். செவ்வாய்க்கிழமை போட்ட டிஷ் புதன்கிழமை சாயங்காலம் நின்றது. எங்கள் புது அறையில் எலுமிச்சை இல்லாமல் வேலை நாள் ஒன்றில் ஸ்லக்குகள் நின்றது அதுவே முதல் தடவை.

கமிட்டி

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் வயதானவர். மத்தியானம் விமானம் பிடிக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் ரிப்போர்ட்டை விளக்கினார். தலைவர் என் நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற தமிழ் வரியைக் காட்டி இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "இவங்க எழுதினது. இவங்களே சொல்வாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லி என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன், மூர்த்தி கடையைச் சொன்னேன், எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். அன்று விடியற்காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டிஷ் அங்கே தயாராக இருந்தது, வளையங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வளையம் போய் அடுத்த வளையம் வரும்வரை பார்த்தார். அதற்கடுத்ததும் வந்தது. மற்றவர்கள் கார் தயார் என்றார்கள். "ஒன் மோர்" என்றார் அவர், சின்னப் பிள்ளைபோல். புராஜெக்ட்டை நீட்டித்த கடிதம் பிறகு வந்தது. ஆனால் அந்த 'ஒன் மோர்' கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு பல வருடம் அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றேன். லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். நினைத்தது நடக்கவில்லை என்றால் நோட்டில் 'ஃபெயில்டு' என்று எழுதாதீர்கள். என்ன நடந்ததோ அதை எழுதுங்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதோடு எழுதுங்கள். அந்த ஸ்லக்குகள் ஒரு நாள்கூடத் தவறு செய்யவில்லை. காற்றில் இருந்ததைச் சரியாக உணர்ந்தன, உணர்ந்தபடி நடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதல் டிஷ்ஷிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தன. எங்கள் காதில் விழத்தான் அத்தனை வாரம் ஆயிற்று.